மஞ்சள் அம்பாசிடர்... இன்னும் கொஞ்ச நாள்தான்!

உங்கள் வீட்டில் அம்பாசிடர் இருந்ததா? அப்படியென்றால் கொல்கத்தா போகும்போது ஹவுரா ஸ்டேஷன் வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அந்த மஞ்சள் டாக்ஸிகளின் உருண்டை முகத்தைப் பார்த்ததுமே பழைய கதையெல்லாம் வந்துவிடும்.

எங்கள் தாத்தா காரைப் பற்றி அப்பா இன்றும் சொல்வார். ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர். முன் சீட் ஒரே நீள பெஞ்ச். முன்னால் மூன்று பேர். பின்னால் பாட்டி, அத்தைகள், அவர்கள் மடியில் பிள்ளைகள், காலடியில் புளியோதரைத் தூக்கு. பழநி வரைக்கும் அப்படியே போவார்களாம்!

அந்த கார் பிறந்த ஊர் ஹவுராவிலிருந்து லோக்கல் ரயிலில் போகிற தூரம்தான். உத்தர்பாராவுக்கு அடுத்த ஸ்டேஷனின் பெயரே 'ஹிந்த் மோட்டார்'. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாக வைத்து 1950-களின் இறுதியில் அம்பாசிடர் தயாரிக்கத் தொடங்கிய ஆலை அங்கேதான் இருந்தது. 2014-ல் உற்பத்தி நின்றுவிட்டது. ஆலையின் பெயரில் ஸ்டேஷன் மட்டும் இருக்கிறது.

15 வருடம் ஆன டாக்ஸி ஓடக்கூடாது என்ற விதியால் கொல்கத்தா அம்பாசிடர்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துவருகின்றன. புதிதாக வருவதற்கும் வழியில்லை. (மஞ்சள் பெயின்ட் அடித்த வேறு கார்களும் ஓடுகின்றன. அதெல்லாம் கணக்கில் சேராது!) தாத்தாவைக் கூட்டிப்போகிற எண்ணம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அவரை முன் சீட்டிலேயே உட்கார வையுங்கள்.