வெளியேறுவதற்குரிய காலம் எது?

"நாடு போகிற போக்கைப் பார்த்த பிறகும் நீங்கள் ஏன் இங்கேயே இருக்கிறீர்கள்?" ஆய்வு மாணவர் விடுதிகளில் இப்போது அன்றாடம் கேட்கும் கேள்வி இது. இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் உண்டு. வெளியேறுவது கோழைத்தனம் என்பது ஒன்று. தங்கியிருப்பது அறிவீனம் என்பது மற்றொன்று. கதவு திறந்தே இருக்கிறது, நடந்து போவதா வேண்டாமா என்பது மட்டுமே நம் முடிவு என்று இரு தரப்பினரும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

தில்லியில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில், கோலார் தங்கவயல் தமிழ்த் தொழிலாளர்களின் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். அதற்கிடையே, 1930களில் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய, வெளியேற முடியாமற்போன கல்வியாளர்களைப் பற்றி இரண்டாண்டுகளாகப் படித்துவருகிறேன். அன்றைய ஜெர்மனியும் இன்றைய இந்தியாவும் ஒன்று என நிறுவுவது என் நோக்கமன்று; அத்தகைய ஒப்பீடுகள் பெரும்பாலும் சிந்தனையை முடித்துவைக்கவே பயன்படுகின்றன. நான் ஒப்பிடுவது படிவங்களையும் வரிசைகளையும் கால அளவுகளையும் மட்டுமே.

1933 ஏப்ரல் 7 அன்று இயற்றப்பட்ட அரசுப் பணியாளர் சட்டம் யூதப் பேராசிரியர்களைப் பதவியிலிருந்து நீக்க வழிவகுத்தது. கோட்டிங்கனில் கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியராயிருந்த மாக்ஸ் போர்ன் அம்மாத இறுதிக்குள் பணி இடைநீக்கம் செய்யப்பட்டார். கேம்பிரிட்ஜில் கிடைத்தது தற்காலிக வேலை. 1935இல் சி.வி. இராமனின் அழைப்பை ஏற்றுப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி வழங்க இராமன் முயன்றார். அது குறித்த கூட்டத்தில் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, சொந்த நாட்டால் விரட்டப்பட்ட இரண்டாந்தர ஆள் இக்கழகத்துக்குத் தேவையில்லை என்னும் பொருள்பட போர்னின் முகத்துக்கு நேரே பேசினார். அன்று வீடு திரும்பி மனைவியிடம் அழுததைப் போர்னே பின்னர் பதிவு செய்துள்ளார். 1936இல் எடின்பரோவில் பதவி கிடைத்தது. 1954இல் நோபல் பரிசும் வந்தது. ஆயினும் அவரே மூன்றாண்டுகள் ஊர் ஊராக அலைய வேண்டியிருந்தது என்பதை மறத்தலாகாது.

போர்ன் வெளியேறிய கதை இது. அதே ஆண்டுகளில் விக்டர் கிளம்பெரர் டிரெஸ்டனில் பிரெஞ்சு இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்தார். முதல் உலகப் போரில் முன்னணியில் நின்றவராதலால் 1933ஆம் ஆண்டுச் சட்டம் அவர்மீது உடனே பாயவில்லை. அந்த விலக்கு அவருக்கு இரண்டாண்டுகளை அளித்தது. அந்த இடைவெளியில், 1934இல், நகருக்கு வெளியே ஒரு சிறு வீட்டைக் கட்டிக்கொண்டார். 1935இல் பதவி போனது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. பிரெஞ்சு இலக்கியம் கற்பிக்கும் ஒரு ஜெர்மானியரை எந்த நாட்டுக்குத் தேவை? கடைசிவரை அவர் ஜெர்மனியை விட்டு வெளியேறவில்லை. யூதரல்லாத மனைவியின் துணையாலும், 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் குண்டுவீச்சில் விளைந்த குழப்பத்தாலுமே உயிர் தப்பினார்.

இவ்விருவரில் ஒருவரைத் துணிந்தவர் என்றும் மற்றவரைத் தயங்கியவர் என்றும் படிப்பது எளிது. ஆனால் போர்னின் அறிவு சமன்பாடுகளில் இருந்தது. எந்த ஊர்க் கரும்பலகையிலும் அவற்றை எழுதலாம். கிளம்பெரரின் அறிவோ மொழியிலும் நூலகத்திலும் வேரூன்றியிருந்தது. போர்னுக்குப் பல நாடுகளில் நண்பர்கள் இருந்தனர். கிளம்பெரரிடம் இருந்தது ஒரு வீடு, ஒரு கடன், ஒரு வரிசை எண்.

அந்த வரிசையின் நீளத்தையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரியாவையும் சேர்த்து ஜெர்மனிக்கு அமெரிக்கா ஒதுக்கியிருந்த ஆண்டுக் குடியேற்ற எண்ணிக்கை 27,370. 1939இன் நடுவில் காத்திருந்தோர் மூன்று லட்சத்துக்கும் மேல். 1938 ஜூலையில் எவியானில் கூடிய 32 நாடுகள் இரங்கல் தெரிவித்தன. மிகச் சில தவிர எவையும் கதவைத் திறக்கவில்லை. வெளியேறுவோர் சொத்தில் நான்கில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்ட வரியை நாஜிகள் இயற்றவில்லை. 1931இல், மூலதனம் நாட்டைவிட்டுப் போவதைத் தடுக்க முந்தைய அரசு கொண்டுவந்தது அது. நாஜிகள் சொத்து வரம்பைக் குறைத்துப் பலரையும் அதற்குள் கொண்டுவந்தார்கள், அவ்வளவே. 1941 அக்டோபரில் யூதர்கள் வெளியேறுவதே தடைசெய்யப்பட்டது.

வெளியேறுவதற்குரிய காலம் ஏன் எவர் கைக்கும் எளிதில் அகப்படுவதில்லை என்பது இங்கே விளங்குகிறது. சீரழிவு படிப்படியாக வருவது. அதன் தொடக்கத்தில் வெளியேற முடியும், ஆனால் வெளியேறியே ஆக வேண்டும் என்பதற்குச் சான்று இராது. சான்று திரண்டு நிற்கும் நாளில் வழி அடைபட்டிருக்கும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையும் இந்த இடைவெளியை நிரப்புவதில்லை. இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களால் ஒடுக்கப்படுவோம் என்ற அடிப்படையுள்ள அச்சத்தை அது கேட்கிறது. பாடத்திட்டம் சுருங்குகிறது, கருத்தரங்கு ரத்தாகிறது, நெறியாளர் தலைப்பை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார் என்பவை அந்த அச்சத்தின் கணக்கில் வருவதில்லை. எனவே சீரழிவிலிருந்து தப்ப நினைப்பவர் மாணவராகவோ ஊழியராகவோதான் போக முடியும். அமெரிக்க மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர், படிப்பு முடிந்ததும் தாயகம் திரும்புவேன் என்று அதிகாரியை நம்பச் செய்ய வேண்டும். திரும்ப விரும்பாததால் போகிறவர் திரும்பும் விருப்பத்தை நிறுவ வேண்டும் என்பதே விதி.

இனிப் பணம். கனடா மாணவர் விசாவுக்குக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகை 2024 ஜனவரியில் 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்ந்தது. பின்னர் மேலும் கூடியது. 20,635 டாலர் என்பதே 2024 மாற்று மதிப்பில் ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் ரூபாய். நெட் உதவித்தொகை இல்லாத ஆய்வாளருக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் பல்லாண்டுகளாக வழங்கப்படுவது மாதம் 8,000 ரூபாய். அதில் ஒரு ரூபாயும் செலவழிக்காமல் சேர்த்தாலும் அத்தொகைக்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகும். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். பட்டியல் சாதியினருக்கும் நிலமற்ற வேளாண் தொழிலாளர் குடும்பங்களுக்கும் உரிய தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையின் 2022ஆம் ஆண்டு நெறிமுறை, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் சார்ந்த தலைப்புகளை விலக்கியது. தன் மக்களின் வரலாற்றை எழுத வெளியே போக விரும்பும் தலித் மாணவருக்கு அந்தக் கதவு இல்லை. நாட்டைப் பற்றிப் பேசாத துறையை எடுத்தால் உண்டு.

என் நிலையையும் சொல்லிவிடுகிறேன். அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று பகுதி உதவித்தொகையுடன் ஈராண்டு இடம் தர முன்வந்திருக்கிறது. மீதித் தொகைக்குப் பிணையாக வைக்க அம்மாவிடம் இருப்பது வேலூருக்கு அருகிலுள்ள இரண்டு அறை வீடு ஒன்றே. என் ஆய்வுக்கு உயிரானவர்கள் சாம்பியன் ரீஃபிலும் மாரிகுப்பத்திலும் லைன் வீடுகளில் வாழும் முதியவர்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அதில் இறங்கிய தலைமுறை ஆண்டுதோறும் குறைகிறது. அவர்கள் பேசும் தமிழைக் கேட்டுப் பழகிய காது மட்டுமே என்னிடம் உள்ள முதல். நான் கிளம்பெரரின் வகை. சமன்பாட்டுக்காரர்களின் வகை அன்று.

சென்ற ஆண்டு வெளியேறிய என் மூத்த ஆய்வுத் தோழி ஒருவர் தொலைபேசியில் சொன்னார்: "தம்பி, அங்க பேச முடியலன்னுதான் வந்தேன். இங்க விசா கைல இருக்கிற வரைக்கும் எழுதுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ யோசிக்கிறேன்." 2025 ஜூன் முதல் அமெரிக்க மாணவர் விசா விண்ணப்பதாரர்கள் தம் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோர் பார்வைக்கும் திறந்துவைக்க வேண்டும். அவர் மகிழ்ச்சியாக இல்லையா என்று கேட்டேன். "நிம்மதியா இருக்கேன், அது வேற" என்றார். அந்த நிம்மதியை நான் சிறிதும் குறைத்து மதிக்கவில்லை.

ஆகவே போகிறவரைப் பழிக்கவும் இருப்பவரைப் போற்றவும் எனக்கு மனமில்லை. நம் கையில் இருப்பவை சிறிய வேலைகள். 1933இல் லண்டன் பொருளியல் பள்ளி ஆசிரியர்கள், வெளியேற்றப்பட்ட சக ஆசிரியர்களுக்காகத் தம் ஊதியத்தில் ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். உலகம் அதனால் மாறிவிடவில்லை. சிலருடைய மூன்றாண்டுகள் கடந்தன. அயலில் இருக்கும் தோழர்கள் விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம்; நோக்கக் கட்டுரையைத் திருத்தித் தரலாம்; மொழிசார் துறைகளிலிருந்து வருவோரைத் தேர்வுக்குழுவில் எடுத்துப் பேசலாம். இங்கிருக்கும் நாம் கடவுச்சீட்டை எடுத்துவைக்கலாம். அது துரோகம் அன்று. தரவுகளைப் படியெடுத்து இரண்டு இடங்களிலேனும் வைக்கலாம்.

பல்கலைக்கழகத்துக்கு நான் விடையளிக்க இன்னும் ஏழு வாரங்கள் உள்ளன. அதற்குள் கோலாரில் பதினோரு பேரின் குரலைப் பதிவு செய்ய வேண்டியுள்ளது. நான் போனாலும் இருந்தாலும் அந்தப் பதிவுகள் இருக்க வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியும் பத்து நாள் ஓய்வும் உள்ள தமிழ் மாணவர் எவரேனும் உடன்வர விரும்பினால் உள்பெட்டியில் எழுதுங்கள். தங்குமிடம் என் பொறுப்பு.