செடி நட்டால் மட்டும் போதுமா? செத்துப் பிழைத்த பிச்சாவரம்!

சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. நடராஜர் கோயிலின் தல விருட்சமும் தில்லை மரம்தான். அந்த மரம் காடாக நிற்பதைப் பார்க்க வேண்டுமானால், ஊரைத் தாண்டிக் கிழக்கே பிச்சாவரத்துக்குப் போக வேண்டும்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் இந்த அலையாத்திக் காட்டை, 1975-ல் வந்த 'இதயக்கனி' படத்தில் பலர் பார்த்திருப்பீர்கள். படகில் போகிறவர்களுக்கு, காலங்காலமாக இது இப்படியே பச்சையாக இருந்தது போலத்தான் தோன்றும். உண்மையில், இதில் பல பகுதிகள் மொட்டையாகி, மறுபடி பிழைத்தவை.

மொட்டையானதற்கு மாடு மேய்ப்பவர்களும் விறகு வெட்டுபவர்களும்தான் காரணம் என்று நெடுநாள் பேசப்பட்டது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வில் வேறு கதை தெரிந்தது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970-கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு மரம் விடாமல் வெட்டியிருந்தார்கள். தானாக வளர்ந்துவிடும் என்பது அன்றைய கணக்கு.

வளரவில்லை. நிழல் போனதும் வெயிலில் ஈரம் காய்ந்து, மண் அமுங்கி, தரை தாம்பாளம் போலக் குழிந்தது. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த கடல்நீர், வெளியேற வழியில்லாமல் தேங்கி ஆவியானது. மிஞ்சியது உப்பு. உப்புநீரில் வாழப் பழகிய அலையாத்திக்கே தாங்காத அளவுக்கு உப்பு ஏறிவிட்டது.

1990-களில் அந்த நிறுவனம், வனத்துறை, கிராம மக்கள் மூவரும் கைகோத்தார்கள். முதலில் செடி நடவில்லை; வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், பார்ப்பதற்கு மீன் முள் மாதிரி. ஓதநீர் தினமும் வந்து திரும்ப, உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறியது. அதன் பிறகுதான் வாய்க்கால் ஓரங்களில் வெண்கண்டல் நட்டார்கள். வேர் பிடித்தது.

காடு திரும்பியதன் மதிப்பை 2004 டிசம்பர் 26 காட்டியது. கடலூர் மாவட்டக் கரையோரத்தில் சுனாமிக்குப் பின் நடந்த ஆய்வு ஒன்று, மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005-ல் 'சயின்ஸ்' இதழில் சொன்னது. 2022-ல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

கிள்ளை பக்கம் வாழும் இருளர் குடும்பங்களுக்கு இது சுற்றுலா இடமல்ல. சேற்றுநீரில் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிப்பவர்கள் அவர்கள். வாய்க்காலில் வண்டல் சேர்ந்து அடைத்துக்கொண்டால், நீர் மறுபடி தேங்கும், உப்பு மறுபடி ஏறும். அதனால் நட்ட செடிகளை எண்ணுவதோடு வேலை முடியாது. வாய்க்காலைத் தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும்.