பெர்த்தாம் ஆற்றின் வண்டல் கணக்கு

மழை விட்ட பிற்பகலில் மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தா வழியாக ஓடும் பெர்த்தாம் ஆறு பால் கலந்த தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். ஸ்டிராபெரி வாங்க வந்தவர்கள் அதைக் கவனிப்பதில்லை. எரிசக்தித் துறையின் அரசுப் பொருளாதார அதிகாரி விடுமுறைக்கு வந்திருந்தாலும் அவருடைய கண் அந்த நிறத்தில்தான் நிற்கும். அவருக்கு அது செலவுக் கணக்கு.

எரிசக்திப் பாதுகாப்பு என்றால் எண்ணெய்க் கப்பல்கள்தாம் பலருக்கும் நினைவுக்கு வரும். நியாயம்தான். எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பிறகுதான் 1981-இல் எண்ணெய், எரிவாயு, நீர், நிலக்கரி என்ற நான்கு எரிபொருள் கொள்கையை மலேசியா வகுத்தது. ஒன்று கைவிட்டால் மற்றது தாங்க வேண்டும். ஆனால் காலப்போக்கில் நிலக்கரியே தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டது, அதுவும் இறக்குமதி. 2022 ஜனவரியில் இந்தோனேசியா நிலக்கரி ஏற்றுமதியைத் திடீரென நிறுத்தியது. இருப்பு எத்தனை நாளுக்கு வரும், மாற்று எங்கே, என்ன விலை? இப்படிப்பட்ட வாரங்களுக்காகத்தான் இந்த அதிகாரிக்குச் சம்பளமே.

அப்போதுதான் மலைத் தண்ணீரின் அருமை தெரியும். அதற்குக் கப்பல் வேண்டாம். மதகைத் திறந்த சில நிமிடங்களில் மின்சாரம். 1958-இல் மலாயா உலக வங்கியிடம் பெற்ற முதல் கடனே கேமரன் மலை நீர்மின் திட்டத்துக்குத்தான்: 35.6 மில்லியன் அமெரிக்க டாலர். தெலோம் ஆற்றைச் சுரங்கத்தில் திருப்பி பெர்த்தாமோடு சேர்த்தார்கள். 1963-இல் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை எழுந்தது. அங்கிருந்து 500 மீட்டருக்கு மேல் கீழிறங்கும் நீர், நிலத்தடி நிலையமொன்றில் 100 மெகாவாட் தருகிறது. அதோடு விடுவதில்லை, அதே நீரை பேராக் பக்கம் வோ நிலையத்தில் இன்னொரு முறை வேலை வாங்குகிறார்கள்.

தீபகற்பத்தின் உச்சத் தேவை 18,000 மெகாவாட்டைத் தாண்டிய நாட்டில் 100 மெகாவாட் என்ன பெரிது என்று கேட்கலாம். ஆண்டுச் சராசரியில் பெரிதில்லை. எல்லாரும் குளிர்சாதனத்தைப் போட்டிருக்கும் வேளையில் ஒரு பெரிய நிலையம் நின்றுபோனால் தெரியும் அதன் விலை.

சிக்கல் வண்டலில். தேயிலை வேரூன்றி நிலத்தை மூடிக்கொள்ளும். காய்கறிக்காக வெட்டிய சரிவிலோ மழைக்கு மண் கரைந்து வரும். ரிங்லெட் நீர்த்தேக்கம் கட்டும்போதே வெறும் 6.3 மில்லியன் கன மீட்டர்தான். வண்டல் சேரச் சேர, தேவைப்படும் நேரத்துக்கென்று நீரைச் சேமித்து வைக்க இடம் குறைகிறது. வெள்ளத்தைத் தாங்கவும் இடமில்லை. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் நிறைந்த அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைக் குடித்தது.

தூர்வாரும் செலவு மின் நிறுவனத்தின் ஏட்டில் ஏறும். சரிவை வெட்டிய லாபம் வேறொருவர் ஏட்டில். மலேசிய அரசமைப்பில் மின்சாரம் கூட்டரசின் பொறுப்பு, நிலம் மாநிலத்தின் பொறுப்பு. கூட்டரசு அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயாவில் எவ்வளவு நுட்பமாகக் கணக்குப் போட்டாலும், மேலே ஒரு சரிவை வெட்டலாமா என்று முடிவெடுப்பது பகாங் மாநில நிலத்துறை. அதற்குள் பெர்த்தாமின் கீழ்ப்பகுதியில் சூசு அணையும் கட்டியாயிற்று. அதை நம்பி இயங்கும் ஊலு ஜெலாய் நிலையம் 372 மெகாவாட். அதிகாரியின் கோப்பில் இப்போது ஓர் ஆற்றுக்கு இரண்டு அணைகள். சரிவுகளுக்கு இன்னும் ஒரு பத்திகூட இல்லை.