கிராஞ்சிக் குன்றிலிருந்து ஒரு கடிதம்

சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,



புறப்படும் தினத்தன்று, தங்கள் தாயார் சொல்லச் சொல்லத் தாங்கள் எழுதி என்னிடம் கொடுத்த துண்டுக் காகிதத்தை இன்று காலை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நகரத்திலிருந்து வடக்கே சுமார் 22 கிலோமீட்டர் தூரத்திலுள்ள கிராஞ்சி யுத்தக் கல்லறைக்குப் போய் வந்தேன். தாம் முகம் பார்த்தறியாத தகப்பனாரின் பெயர், அவர் பட்டாளத்தில் சேர்ந்த வருஷம், 'சிங்கப்பூருக்குப் போனவர்' என்னும் குறிப்பு, இந்த மூன்றையன்றி வேறெதையும் அந்த அம்மையாரால் சொல்ல இயலவில்லை என்பதை நினைத்தபோது, வழி நெடுகிலும் மனம் கனத்தே இருந்தது.

ஜோகூர் நீரிணையை நோக்கிச் சரியும் பசும்புல் குன்று அது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு ராணுவ முகாமாகவும், ஜப்பானியர் மலாயாவில் இறங்கியபோது பெரிய வெடிமருந்துக் கிடங்காகவும் இருந்த இடம். 1942 பிப்ரவரி 8 அன்று ஜப்பானியப் படை நீரிணையைக் கடந்து, இங்கிருந்து இரண்டு மைலுக்குள்ளேயே இருக்கும் கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரத்தில் கரையேறியது; ஒரு வாரத்தில், பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் சரணடைந்தது. பின்னர் இங்கே யுத்தக் கைதிகளின் முகாம் ஏற்பட்டது. அந்தக் கைதிகள் மாண்ட தோழர்களுக்காகத் தோண்டிய சில குழிகளே இந்த மயானத்துக்கு ஆதி. சாங்கியிலிருந்த பெரிய கல்லறை நிலைக்காதென்று தெரிந்ததும், 1946இல் அங்கிருந்த சமாதிகளையும், தீவில் சிதறிக் கிடந்த பலவற்றையும், சைகோனில் இருந்தவற்றையுங்கூட இங்கே கொணர்ந்து சேர்த்தார்கள்.

வெண்கற்கள் அணியணியாக மேடேறிச் செல்லும் காட்சியைக் கண்டவுடன் முதலில் என் நெஞ்சைத் தொட்டது அவற்றின் சமத்துவமே. தளபதிக்கு உயர்ந்த கல்லும் சிப்பாய்க்குத் தாழ்ந்த கல்லும் இங்கே இல்லை. 1917இல், ஃபேபியன் வேர் என்பவருடைய முயற்சியால் ராஜ சாசனம் பெற்று அமைந்த யுத்தக் கல்லறைக் கமிஷன், பதவியையோ இனத்தையோ சமயத்தையோ பாராட்டாமல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைக்கவேண்டும் என்பதைத் தன் விதியாகக் கொண்டது. இரண்டாம் யுத்தத்தில் மாண்ட 4,461 பேருக்கு இங்கே கல்லோ குறிப்போ உண்டு. அவர்களில் 850 பேருக்கு மேல் இன்னாரென்று அறியப்படாதவர்கள். அவர்களுடைய கற்களில் பெயரிருக்க வேண்டிய இடத்தில், அவர்களை ஆண்டவன் ஒருவனே அறிவான் என்னும் கருத்துடைய வாசகம் பொறித்திருக்கிறது.

முதல் யுத்தத்தைச் சேர்ந்த 64 பேரும் இதே புல்தரையில் நினைக்கப்படுகிறார்கள். சைகோனிலும் சிங்கப்பூரிலும் புதைத்த செய்தி தெரிந்தும் குழி இருந்த இடம் தெரியாமற்போன மூவருக்குத் தனி நினைவுக் கற்கள் அமைத்திருக்கிறார்கள். நம் சென்னையில், நந்தம்பாக்கம் யுத்தக் கல்லறையில் தாங்களும் நானும் ஒரு மாலைப்பொழுது நின்ற அந்த 1914-1918 ஸ்மாரகம் ஞாபகமிருக்கிறதா? இந்தியாவின் பல ஊர்களில், என்றென்றும் பராமரிக்க இயலாத சமாதிகளில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களை அது தாங்கி நிற்கிறது. குழி அழிந்தாலும் பெயர் அழியலாகாது என்ற அதே சிரத்தையை இங்கும் கண்டேன்.

சமாதிகளின் பதிவேட்டில் தங்கள் பாட்டனார் பெயர் இல்லை. ஹிந்துவாயிற்றே, தகனம் செய்திருப்பார்கள் என்றெண்ணி, பெரிய ஸ்மாரகத்தின் பின்புறமுள்ள தகன நினைவிடத்துக்குச் சென்றேன். தத்தம் சமய ஆசாரப்படி எரியூட்டப்பட்ட ஏறக்குறைய 800 பேரின் பெயர்கள் அங்கே உள்ளன. அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். அங்கும் அந்தப் பெயரைக் காணேன்.

எஞ்சியிருந்தது அந்தப் பெரிய ஸ்மாரகம், சிங்கப்பூர் ஸ்மாரகம். காலின் செயின்ட் கிளேர் ஓக்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1957 மார்ச் 2 அன்று திறக்கப்பட்ட அந்த மண்டபம், விமானத்தின் இறக்கை போல் விரிந்த கூரையின்கீழ், சமாதி இன்னதென்று அறியப்படாத 24,000 பேருக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைச் சுமக்கிறது. மலாயாப் போரில் மறைந்தவர்கள், சிறையில் மடிந்தவர்கள், ஜப்பானியர் கைதிகளைக் கொண்டு போட்ட சயாம் ரயில்பாதையில் வீழ்ந்தவர்கள், கைதிகளாகக் கப்பலேற்றிச் செல்லப்பட்டு நடுக்கடலில் மூழ்கியவர்கள் யாவரும் அங்கே படைப்பிரிவு வாரியாக நிற்கிறார்கள். முருகக் கடவுளின் திருநாமங்களுள் ஒன்றான தங்கள் பாட்டனார் பெயரை அங்கே கண்டேன்; ஒன்றல்ல, இரண்டு! ஒன்று மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையில். மற்றொன்று வேறொரு பிரிவில். பதிவேட்டில் பலருக்குத் தகப்பனார் பெயரும் ஊரும் குறித்திருக்க, இவ்விருவருக்கு மட்டும் எண், படை, நாள் என்பவை தவிர வேறொன்றும் இல்லை. நம் பெயர்களைப் பட்டாளத்துக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடியெல்லாம் ஆங்கிலத்தில் எழுதிவைத்திருப்பதால், எழுத்தை நம்பி எதையும் தீர்மானிக்க முடியாது. எண் ஒன்றே சாட்சி. ஆகையால், வீட்டுப் பரணிலுள்ள பழைய தகரப் பெட்டிகளில் பென்ஷன் கடிதமோ, மணியார்டர் துண்டோ, எண் எழுதிய எந்தக் காகிதமோ கிடைக்குமா என்று தேடிப் பாருங்கள்.

ஸ்மாரகத்தின் கிழக்கு முனையில் மற்றொரு நினைவுக்கல் இருக்கிறது. சரணாகதிக்கு முந்திய கடைசி மணி நேரங்களில் சிங்கப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வந்து மடிந்தவர்களைத் தனித்தனியே புதைக்க வகையின்றி, அவசரத் தேவைக்காக வெட்டிய தண்ணீர்த் தொட்டியிலேயே 400க்கு மேற்பட்டவர்களைச் சேர்த்துப் புதைத்தார்களாம்; அவர்களுள் 107 காமன்வெல்த் படையினரை நினைத்து எழுப்பியது அந்தக் கல். அதன் முன் நின்றபோது, இங்குள்ள எந்தக் கல்லிலும் இடம்பெறாத நம்மவர் என் கண்முன் வந்தார்கள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ்க் கூலிகளும், அவர்களோடு உழைத்த ஏனைய ஆசியத் தொழிலாளர்களும், காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். அவர்களுக்குப் படை எண் கிடையாது. ஆகவே பதிவேடும் கிடையாது. ஒரு சிப்பாயின் பெயரைக் காக்க இத்தனை சிரத்தை எடுத்துக்கொண்ட உலகம், அதே பாதையில் மண்வெட்டி பிடித்தவனின் பெயரைக் கேட்டுக்கூட எழுதிக்கொள்ளவில்லையே என்ற துக்கத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

இனி, பதிவேட்டில் அந்தப் பெயர்களுக்குக் குறித்திருக்கும் நாளைப் பற்றிச் சொல்கிறேன். மரண தினம் தெரியாதவர்களுக்கு, அவர்கள் காணாமற்போனதாகவோ பிடிபட்டதாகவோ அறியப்பட்ட நாளையே பதிவேட்டில் குறிக்கிறார்கள். அந்த இரண்டு பெயர்களுக்கும் நாள் ஒன்றுதான்: 15 பிப்ரவரி 1942, ஞாயிற்றுக்கிழமை. சீனர்களுக்கு அன்று புத்தாண்டு. அவர்களுடைய புத்தாண்டு அமாவாசையில் பிறப்பது ஆதலால், நம் கணக்கில் அது விஷு வருஷத்து மாசி அமாவாசை. திதி தெரியாமல் வருஷந்தோறும் மகாளய அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவரும் தங்கள் மாமாவுக்கு இதைச் சொல்லுங்கள். தாயாரிடம் சொல்லும்போது மட்டும், அப்பா இறந்த நாள் இது என்று சொல்லிவிட வேண்டாம். அவரைப் பற்றிய செய்தி நின்றுபோன நாள் இது என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

எண் கிடைத்தால் உடனே எழுதுங்கள். மறுபடி கிராஞ்சிக்குப் போகிறேன்.

தங்கள் அன்புள்ள நண்பன்