நுங்கம்பாக்கம் கண்ட கிரகம்

தசரா நாட்களில் மாலை ஏழு மணிக்கு மைசூர் அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் ஒரே நொடியில் எரியும்போது, மைதானத்தில் காத்திருக்கும் கூட்டத்திலிருந்து 'ஓ'வென்று ஒரு குரல் எழும். அந்த நேரத்தில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அவ்வளவு வெளிச்சத்தில் நிலாவைத் தவிர அதிகம் எதுவும் தெரியாது. ஆனால் அதே வேளையில், உச்சியிலிருந்து மேற்கே கொஞ்சம் சாய்ந்த இடத்தில், '70 ஓபியூக்கி' என்ற மங்கலான நட்சத்திரம் இருக்கிறது. ஊர் வெளிச்சத்தைத் தாண்டிப் போனால் வெறும் கண்ணுக்கே ஒரு பொட்டாகத் தெரியும். தொலைநோக்கியில் பார்த்தால் ஒன்றல்ல, இரண்டு. ஒன்றையொன்று சுற்றும் இரண்டு ஆரஞ்சு நிறச் சூரியன்கள். நம்மிடமிருந்து சுமார் 16.6 ஒளி ஆண்டு தூரம். வானியல் கணக்கில் இது பக்கத்து வீடு.

இந்த இரட்டையரில் ஒரு கிரகம் ஒளிந்திருக்கிறது என்று 1855-ல் சென்னையில் வேலை பார்த்த ஒருவர் எழுதினார். நம் சூரியனைத் தவிர வேறொரு நட்சத்திரத்துக்குக் கிரகம் உண்டு என்று, அளந்த எண்களைக் காட்டி வாதிட்ட முதல் சில குரல்களில் ஒன்று அது. எழுதியவர் கேப்டன் வில்லியம் ஸ்டீஃபன் ஜேக்கப், நுங்கம்பாக்கம் வான் ஆய்வகத்தின் தலைவர்.

ஜேக்கப் அடிப்படையில் ஒரு நில அளவைக்காரர். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த கையோடு வில்லியம் லாம்டன் மைசூர் மண்ணில் தொடங்கிய அளவைதான், பிறகு இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரிய சர்வேயாக வளர்ந்தது. 1831-ல் பம்பாய் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவுக்கு வந்து சேர்ந்த ஜேக்கப், அந்தச் சர்வேயில் சில ஆண்டுகள் உழைத்தார். தூரத்து மலை உச்சிக்குக் குறி வைத்துக் கோணம் அளப்பதுதான் அங்கே வேலை. அதே கையையும் கண்ணையும் அவர் வானத்துக்குத் திருப்பினார். 1842-ல் புனேயில் சொந்தச் செலவில் ஒரு சிறு ஆய்வகம் அமைத்து இரட்டை நட்சத்திரங்களை அளக்கத் தொடங்கினார். 1848 டிசம்பரில் கம்பெனி அவரைச் சென்னைக்கு அனுப்பியது.

இரட்டை நட்சத்திரத்தை அளப்பது எப்படி? தொலைநோக்கியின் கண்முனையில், சிலந்தி இழை போன்ற மெல்லிய நூல்கள் கட்டிய ஒரு கருவியைப் பொருத்துவார்கள். ஒரு நூலை ஒரு நட்சத்திரத்தின் மீதும் மற்றதை அடுத்ததன் மீதும் வைத்துத் திருகைப் படிக்க வேண்டும். கிடைப்பவை இரண்டே எண்கள்: இடைவெளி எவ்வளவு, எந்தத் திசை. ஆண்டுக்கணக்கில் இதைச் செய்தால் ஒரு நட்சத்திரம் மற்றதைச் சுற்றும் நீள்வட்டம் தாளில் உருவாகும். இருவரில் ஒருவருக்குக் கிரகம் இருந்தால் அந்த நட்சத்திரம் லேசாகத் தள்ளாடும். நீள்வட்டக் கோடு வழவழப்பாக இல்லாமல் நெளியும். கிரகத்தைப் பார்க்கவே வேண்டாம். நெளிவே சாட்சி.

சொல்ல எளிது. ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் வரும் ஒரு பங்குக்கு ஆர்க் செகண்ட் என்று பெயர். மைசூர் அரண்மனை வாசலில் இன்றைய சின்ன ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க, சாமுண்டி மலைக் கோயிலிலிருந்து இன்னொருவர் பார்த்தால், நடுவில் நேர்க்கோட்டில் சுமார் நான்கு கிலோமீட்டர் இருக்கும். அந்த நாணயத்தின் அகலம்தான் ஏறக்குறைய ஒரு ஆர்க் செகண்ட். 70 ஓபியூக்கியின் இரு நட்சத்திரங்களும் மிக நெருங்கும்போது இடைவெளி இப்படி ஒன்றரை, இரண்டு நாணயம்தான். விலகும்போது ஆறு, ஏழு. அங்கே நம் வியாழனைப் போன்ற ஒரு கிரகம் நம் வியாழன் இருக்கும் தூரத்திலேயே சுற்றினால், தள்ளாட்டம் நாணயத்தின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது மலையிலிருந்து பார்த்து, அரண்மனை வாசலில் நிற்பவரின் ஒரு தலைமுடியின் தடிமனில் பாதியைக்கூட அல்ல, அதற்கும் குறைவானதை அளக்க வேண்டும். ஜேக்கப்பின் காலத்தில் திறமையான கை நாணயத்தில் பத்தில் ஒரு பங்கு வரை நம்பகமாக அளக்கும். அவரிடம் இருந்தது ஆறு அங்குல பிரெஞ்சுத் தொலைநோக்கி. மேலே சென்னையின் ஈரக்காற்று, இரவெல்லாம் நடுங்கும் நட்சத்திர பிம்பம்.

ஆனாலும் அவர் அப்படி ஒரு முடிவுக்கு வந்ததில் ஒரு நியாயம் இருந்தது. 1844-ல் ஜெர்மனியில் பெஸ்ஸெல், சிரியஸ் நட்சத்திரத்தின் நெளிவான பாதையைக் காட்டி, அதற்குக் கண்ணுக்குத் தெரியாத துணை உண்டு என்றார். 1846-ல் யுரேனஸின் தடுமாற்றத்தைக் கணக்கிட்டுத்தான் நெப்டியூனையே பிடித்தார்கள். ஒழுங்கு தவறினால் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான் என்பது அந்தத் தலைமுறை வானியலாளர்களுக்கு ஏறக்குறைய வேதவாக்கு. ஜேக்கப்பும் சாதாரண ஆள் இல்லை. விருச்சிகத்தில் இரட்டை என்று நினைத்த ஒரு நட்சத்திரத்தில் மூன்றாவது ஒன்று இருப்பதை 1847-ல் கண்டவர். 1852-ல் சனியின் மங்கலான உள்வளையம் ஒளி ஊடுருவக்கூடியது என்று கவனித்தவர். அப்படிப்பட்ட கண், 70 ஓபியூக்கியின் அளவுகள் கணக்கிட்ட பாதையை விட்டு மாறி மாறி விலகுவதைக் கண்டது. ராயல் வானியல் கழகத்தின் இதழில் அவர் எழுதியபோது 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று சொல்லவில்லை. கிரகம் இருப்பதற்கு மிகுந்த வாய்ப்பு உண்டு என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கிரகம் இல்லை.

எங்கே தவறியது என்பதை இன்று சுலபமாகச் சொல்லலாம். இந்த ஜோடி ஒருமுறை சுற்றிவர 88 ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகிறது. வில்லியம் ஹெர்ஷல் இதை இரட்டை என்று கண்டது 1779-ல். ஜேக்கப் எழுதியபோது 76 ஆண்டுகள்தான் கழிந்திருந்தன. மனிதன் பார்த்த பிறகு நட்சத்திரம் ஒரு சுற்றைக்கூட முடிக்கவில்லை! அதற்குள் நீள்வட்டம் இதுதான் என்று வரைந்து, அதிலிருந்து விலகல் இவ்வளவு என்று கணக்கிட்டார்கள். போதாததற்கு அளவுகள் எல்லாம் ஒரே கையால் எடுத்தவை அல்ல. ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஒரு பழக்கம்; சிலர் கோணத்தைக் கூட்டி அளப்பார்கள், சிலர் குறைத்து. தலையை எந்தப் பக்கம் சாய்த்துப் பார்க்கிறார் என்பதுகூட எண்ணை மாற்றும். ஜேக்கப் கண்ட நெளிவு நட்சத்திரத்துடையது அல்ல, பெரும்பாலும் மனிதர்களுடையது.

பிறகு வந்தவர்களும் அதே குழியில் விழுந்தார்கள். 1890-களில் அமெரிக்காவின் டி.ஜே.ஜே. சீ, இதே ஜோடியில் கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று 36 ஆண்டுகளில் சுற்றுகிறது என்றார். அப்படி ஒரு மூவர் கூட்டம் நிலைத்திருக்கவே முடியாது என்று ஃபாரஸ்ட் மோல்டன் 1899-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். சீ கொதித்துப்போய் எழுதிய கடிதத்தால், 'அஸ்ட்ரனாமிக்கல் ஜர்னல்' அவருக்குக் கதவை அடைத்தது. 1943-ல் புகைப்படத் தகடுகளின் துணையோடு இன்னொரு கிரகம் அறிவிக்கப்பட்டது. அதுவும் நிற்கவில்லை. ஒரே நட்சத்திரத்தில் மூன்று முறை பிறந்து மூன்று முறை மறைந்த கிரகம் அநேகமாக இது ஒன்றாகத்தான் இருக்கும். மூவரில் ஜேக்கப்பிடம்தான் கருவி மோசம், ஆனால் வார்த்தையில் நிதானம் அதிகம். சீயிடம் இருந்தது நேர்மாறு.

சென்னை ஜேக்கப்பின் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விடுப்பில் இங்கிலாந்து போவதும் திரும்புவதுமாக இருந்து, 1859-ல் பதவியை விட்டார். ஆனால் வானத்தை விடவில்லை. கோளாறு கண்ணில் இல்லை, காற்றில்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்; புனேக்கு அருகே உயரமான மலையில் ஓர் ஆய்வகம் கட்டத் திட்டமிட்டார். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஆயிரம் பவுன் ஒதுக்கியது. பாரிஸில் செய்த ஒன்பது அங்குல லென்ஸுடன் 1862 ஆகஸ்ட் 8-ம் தேதி பம்பாயில் இறங்கினார். 16-ம் தேதி புனேயில் இறந்துபோனார். வயது 48. அதே ஆண்டு ஜனவரி கடைசியில்தான், பெஸ்ஸெல் கணித்துச் சொன்ன சிரியஸின் துணையை அமெரிக்காவில் ஆல்வன் கிரஹாம் கிளார்க் கண்ணால் பார்த்திருந்தார். பெஸ்ஸெலுக்குக் கிடைத்தது ஜேக்கப்புக்குக் கிடைக்கவில்லை.

நுங்கம்பாக்கத்தில் வானிலை மையத்தின் வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. 1792-ல் கருவியைத் தாங்க நிறுத்தியது. அதில் தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த ஆய்வகத்தில் இரவெல்லாம் கண்விழித்த இந்திய உதவியாளர்களின் பெயர்கள் பெரும்பாலும் வெளியே தெரியாமலே போயின. 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒரு விதிவிலக்கு. 1899-ல் ஆய்வகம் கொடைக்கானலுக்குப் போனது. அதன் இன்றைய வாரிசு பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். அந்த நிறுவனத்தின் கோளரங்கத்துக்குத்தான் 2022 மார்ச்சில் மைசூரில், சாமுண்டி மலையடிவாரத்தில் அடிக்கல் நாட்டினார்கள். லாம்டன் அளந்த மண்ணுக்கு, ஜேக்கப்பின் வானம் சுற்றி வளைத்து வந்து சேர்ந்திருக்கிறது.

ஜேக்கப்பின் முடிவு தவறு, வழி தவறல்ல. இரட்டை நட்சத்திரங்களில் கிரகம் நிலைக்குமா என்ற சந்தேகம், 2003-ல் காமா செஃபெய் ஜோடியில் ஒரு கிரகம் உறுதியானபோது தீர்ந்தது. அது வேறு முறையில், நட்சத்திர ஒளியின் நிறமாலையை ஆராய்ந்து கண்டது. ஜேக்கப்பின் முறையையே கையில் எடுத்தவர்கள் கலிஃபோர்னியாவின் பாலோமர் மலையில் இருந்தார்கள். நூலுக்குப் பதில் இரண்டு தொலைநோக்கிகளின் ஒளியை இணைக்கும் கருவி, சுமார் ஐம்பது இரட்டையர்கள், ஆண்டுக்கணக்கில் அளவு. 2010-ல் 'எச்டி 176051' என்ற ஜோடியில் ஒரு நெளிவு கிடைத்தது. வியாழனை விடப் பெரிய ஒரு கிரகம், ஏறக்குறைய ஆயிரம் நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது என்றார்கள்.

தசரா மாலையில் அந்த ஜோடியும் மைசூரின் வடக்கு வானில் உயரத்தில்தான் இருக்கும். அந்தக் கிரகம் இரண்டில் எந்த நட்சத்திரத்தைச் சுற்றுகிறது என்று மட்டும் அளந்தவர்களால் சொல்ல முடியவில்லை.