பின்பக்கத்தையும் காட்டுங்கள்

நெற்றிச்சுட்டி வாங்க எங்கள் பட்டறைக்கு நேரில் வருகிறவர்கள், அதிலும் நடன ஆசிரியைகள், கையில் எடுத்ததும் அதைத் திருப்பித்தான் பார்ப்பார்கள். முன்பக்கம் எந்த நகையிலும் மின்னும். தகட்டின் கனம், பற்றவைப்பின் சுத்தம், கொக்கி எந்த இடத்தில் எப்படிப் பிடித்திருக்கிறது என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் தெரியும். அடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார்கள். பிறகு காதருகே கொண்டுபோய் லேசாகக் குலுக்குவார்கள். கல் ஆடினால் சத்தம் கேட்டுவிடும். இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸப்பிலும் எங்கள் நகைகளை விற்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, இந்த மூன்று சோதனைகளையும் ஃபோன் திரையில் வாங்குகிறவர் எப்படிச் செய்துபார்ப்பார் என்றுதான் யோசித்தேன். இன்றுவரை விளம்பரம் என்று நான் செய்வது அவ்வளவுதான்.

நாங்கள் நாகர்கோவில் வடசேரி. அப்பாவும் சித்தப்பாவும் பட்டறையில் இருக்கிறார்கள். முத்து கோர்ப்பது அம்மா. வெள்ளித் தகட்டில் கல்லுக்குக் கல் அறை கட்டி, அரக்கு நிரப்பி, கெம்பு பதித்து, கல்லைச் சுற்றித் தங்க ரேக்கை அழுத்தி முடிக்கும் பழைய முறை. சாமி விக்கிரகங்களுக்குச் செய்துவந்த வேலை பிறகு பரதநாட்டிய மேடைக்கும் வந்தது. நாகர்கோவில் கோயில் நகைக்கு 2007-08லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் அச்சில் வார்த்து முலாம் பூசிய செட்டும் ‘டெம்பிள் ஜுவல்லரி’ என்ற அதே பெயரில்தான் விற்கிறது. ஃபோனில் தேடினால் இரண்டும் அடுத்தடுத்து வரும். படத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, விலையில் மட்டும் தெரியும். அச்சு நகையை நான் குறை சொல்லமாட்டேன். அடவு பழகுகிற குழந்தைக்கு அது போதும். எது எதால் செய்தது என்று விற்பவர் எழுதவேண்டும், அதுதான் என் வேண்டுகோள். எங்கள் ஒவ்வொரு பதிவிலும் முதல் வரி அதுதான்: வெள்ளி, அரக்கு, கெம்பு, தங்க ரேக்கு.

2020 ஊரடங்கில் அரங்கேற்றங்கள் நின்றுபோயின. சென்னை மார்கழிக் கச்சேரிகளே அந்த ஆண்டு பெரும்பாலும் இணையத்துக்குப் போயின. கடைகளிலிருந்து வரும் ஆர்டர் நின்றதும், அணிகிறவர்களை நேரடியாகத் தேடவேண்டி வந்தது. அந்த ஜூன் கடைசியில் டிக்டாக் தடையாகி, சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்திருந்தது. ஆக, எங்கள் இணைய விற்பனையும் ரீல்ஸும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்கின.

படம் எடுப்பதில் எங்களுக்குப் பெரிய எதிரி சிவப்பு. கெம்பின் ஆழ்ந்த சிவப்பை ஃபோன் கேமரா தாங்காது; கல்லின் உள்ளே இருக்கும் ஏற்ற இறக்கம் எல்லாம் மறைந்து, ஒட்டுப்பொட்டு போலத் தட்டையாகிவிடும். பக்கத்தில் இருக்கும் தங்க ரேக்கு வெளிச்சத்தை வாரி அடித்து வெள்ளையாக வெளுத்துப்போகும். ட்யூப்லைட்டில் எடுத்தால் பச்சைக் கல் நன்றாகத்தான் இருக்கும், சிவப்பு செத்துவிடும். எனவே காலையில், வடக்குப் பக்க ஜன்னலில் அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன் வழியாக வடிந்து வரும் வெளிச்சத்தில் மட்டுமே எடுக்கிறேன். திரையில் கல்லைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கொஞ்சம் இறக்குவேன். படம் சற்று இருட்டாக வரும். அப்போதுதான் கல் கல்லாகத் தெரியும். ஃபில்டர் கிடையாது. ஃபில்டரில் பார்த்த சிவப்பு பெட்டியைத் திறக்கும்போது இல்லையென்றால், வாங்கியவரின் முகம் வாடுவது இங்கிருந்தே எனக்குத் தெரியும்.

முதல் படத்தில், அளவு தெரிய, ஜிமிக்கிக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் இருக்கும். அடுத்த படம் தராசில், கிராம் தெரிகிறமாதிரி. ஆடுகிறவர்களுக்கு எடை சும்மா ஒரு விவரம் இல்லை. இரண்டு மணி நேரம் காது அதைச் சுமக்கவேண்டும். மூன்றாவது படம் பின்பக்கம். அதன்பிறகு ஒரு சிறு வீடியோ: தெரிந்த மாணவி ஒருத்தி செட்டை அணிந்து குதித்து மெட்டடவு போடுவாள். ஒட்டியாணம் இடுப்பில் நிற்கிறதா, சுட்டி நெற்றியின் நடுவை விட்டு விலகுகிறதா என்று அதில் தெரிந்துவிடும். பாட்டு எதுவும் சேர்ப்பதில்லை. சலங்கையின் சத்தத்தோடு நகை குலுங்கும் சத்தமும் கேட்கவேண்டும்.

தங்க ரேக்கை அழுத்தும் வேலையைப் படம் பிடிக்கப் போனபோதுதான் வீட்டில் வாக்குவாதம் வந்தது. “எல்லாத்தையும் எதுக்கு மக்ளே காட்டுக? பாத்துட்டு நாளைக்கே ஒருத்தன் செய்வாம்லா?” என்றார் சித்தப்பா. அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் படங்களை எடுத்துத் தங்கள் சரக்கு என்று போட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு ரேக்கு அழுத்தத் தெரிந்திருக்கவேண்டிய அவசியமே இல்லை. படம் கிடைத்தால் போதும். மாறாக, சாமணத்தின் நுனியால் ரேக்கைத் தூக்கிக் கல்லோரம் இறக்கி, நகம் அளவு இடத்துக்கே இவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பார்த்தவர் அதன்பிறகு விலையைக் குறைக்கச் சொல்வதில்லை. இந்த வாதத்தில் அப்பா என் பக்கம் நின்றார். சித்தப்பா கையை மட்டும் காட்டச் சம்மதித்தார், முகத்தை அல்ல. இப்போது அந்தக் கைகளை அடையாளம் சொல்கிறவர்கள் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்.

விலையை வெளிப்படையாகவே எழுதுகிறேன். ‘விலைக்கு டிஎம் பண்ணவும்’ என்பது கேட்பவரைக் கூச்சப்படுத்துகிறது, எனக்கும் நாள் முழுக்க ஒரே பதிலை எழுதும் வேலை வைக்கிறது. வெள்ளி விலை ஏறி இறங்குவதால் தேதியும் போட்டுவிடுவேன். பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்புவதில்லை. வங்கிக் கணக்கில் ஏறியதா என்று பார்த்தபின்தான் அளவு கேட்பேன்.

நிறைய பேர் பார்த்த ஒரு ரீல் நல்ல செய்தி என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். எங்களுக்கு அது கவலையும்கூட. அமெரிக்காவில் பள்ளி விடுமுறையான ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அரங்கேற்றங்கள் குவியும், இங்கே மார்கழி. இரண்டுக்கும் மாதங்களுக்கு முன்பே வேலை நிரம்பிவிடும். பட்டறையில் இருப்பது இரண்டு பேரின் கண். அதற்குமேல் ஆர்டர் எடுத்தால் வெளியே கொடுத்துச் செய்யவேண்டும், அது எங்கள் நகையாக இருக்காது. ‘இப்போது புதிய ஆர்டர் எடுப்பதில்லை’ என்று பதிவு போடுவதைப் பலர் வியாபாரம் தெரியாத வேலை என்கிறார்கள். காத்திருக்கிறேன் என்று எழுதுகிறவர்கள் அந்தப் பதிவின் கீழேதான் அதிகம்.

பழுதுபார்க்க வரும் நகைகளுக்குக் கிடைக்கும் கவனம்தான் நான் எதிர்பாராதது. கல் உதிர்ந்த ராக்கொடி, வியர்வையில் கறுத்த வங்கி, அக்கா ஆடி இப்போது தங்கைக்கு வந்திருக்கும் ஒட்டியாணம். பழைய அரக்கைச் சுரண்டி எடுத்துப் புதிதாக நிரப்புவதை, உரியவர் சம்மதித்தால், அப்படியே போடுகிறேன். நடன ஆசிரியைகள் விசாரிப்பது பெரும்பாலும் இந்தப் பதிவுகளைப் பார்த்துத்தான். புது செட்டின் விலையைக் கேட்பதற்கு முன்னால், கல் விழுந்தால் நீங்களே வைத்துத் தருவீர்களா என்று கேட்கிறார்கள். அந்தப் பதிலை வாய்ஸ் மெசேஜில் தானே சொல்ல, அப்பா ஃபோனை வாங்கிக்கொள்கிறார்.