மாமா சாப்பிடும் பாண்



பயணக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழு அண்ணன்கள் என்னிடம் கேட்டபோது சிரிப்புதான் வந்தது. நான் பார்த்த ஊர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆனாலும் சென்ற ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா, அப்பா, அம்மம்மா மூவரையும் இத்தாலி நாட்டுச் சந்தை ஒன்றுக்கு நான் கூட்டிப் போய் வந்தேன். முகாமில் எங்கள் வீட்டு வாசலில் பாய் விரித்து, செல்போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து! செலவு ஒரு நாள் டேட்டா.

எங்கள் குடும்பம் 1990-ல் மன்னாரிலிருந்து படகேறி வந்தது. அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, அம்மப்பாவுக்குத் துணையாக அங்கேயே நின்றுவிட்டார். (பன்னிரண்டு வயதுப் பையன் என்ன துணை என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அன்று யாரும் கேட்கவில்லை.) 2001-ல் அவர் இத்தாலியின் தெற்கே சிசிலித் தீவில் இருக்கும் பலேர்மோ நகருக்குப் போனார். அங்கே எங்கள் ஆட்கள் நிறையப் பேர். வீட்டு வேலை, வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. மாமாவும் ஒரு வயதான அம்மாவைத்தான் பார்த்துக்கொள்கிறார். எங்களை வந்து பார்த்தது ஒரே ஒரு தடவை, 2013-ல்.

அவர் அனுப்பும் படங்களில் எல்லாம் பேராலயம், கடற்கரை, நீரூற்று. அம்மம்மா ஒவ்வொன்றையும் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "இதெல்லாம் சரி, இவன் எங்க சாப்பிடுறான்?"

வீட்டில் படித்தவன் நான் ஒருத்தன்தான் என்பதால் வழிகாட்டி வேலை என் தலையில் விழுந்தது. கல்லூரிக் கணினியில் பார்த்து இரண்டு பக்கம் குறிப்பு எடுத்தேன். பல்லரோ, காப்போ, வுச்சிரியா என்று மூன்று பழைய சந்தைகள். 831-ல் அரபுகள் நகரைப் பிடித்தார்கள், 1072-ல் நார்மன்கள் அவர்களிடமிருந்து பிடித்தார்கள். வைவாவுக்குக் கூட நான் இப்படித் தயார் செய்ததில்லை.

எங்களுக்கு மதியம் இரண்டரை, அங்கே காலை பதினொன்று. மாமா பல்லரோ சந்தை முனையில் நின்றுகொண்டிருந்தார். நான் குறிப்பை வாசிக்க ஆரம்பித்ததும், "மருமோன், அதை மடிச்சு வை. கொடி பிடிச்சுக்கொண்டு ஆக்களைக் கூட்டிப் போற கைடுமாரும் அதைத்தான் சொல்லுவினம். நான் காட்டுறதை நீ அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்து" என்றார். முதல் நிமிஷத்திலேயே என் உத்தியோகம் பாதி போய்விட்டது.

சந்தை முழுக்கக் கூச்சல். விற்கிறவர்கள் கூவுவதை அங்கே ஏறக்குறைய பாட்டாகவே பாடுகிறார்கள். வாள்மீன் தலையை வாள் மேலே நிற்கும்படி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அப்பா அதைத் திரும்பக் காட்டச் சொன்னார். இன்னொரு கடையில் ஓர் ஆள் நீளத்துக்கு வெளிர்பச்சைக் காய். புடலங்காய் என்றேன் நான். அம்மம்மா, "சுரைக்காயடா, கொழுந்தைப் பார்!" என்று அதட்டினார். மாமாவும் சிரித்துக்கொண்டே ஆமென்றார். அந்தக் கொழுந்தை அங்கே கோடையில் சூப் வைக்கிறார்களாம்.

பிறகு பனெல்லே. கடலை மாவைத் தண்ணீரில் கிண்டி, பார்ஸ்லி என்ற தழை தூவி, ஆறவைத்து, ஸ்டீல் ரூல் வைத்து அளந்த மாதிரி மெல்லிசாக வெட்டி எண்ணெயில் பொரிக்கிறார்கள். அரபுகள் காலத்துச் சங்கதி என்று சொல்கிறார்கள். எலுமிச்சை பிழிந்து ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிட வேண்டும். "பஜ்ஜிக்குள்ள ஒண்டும் வைக்கேல்லையோ?" என்று அம்மம்மா பரிதாபப்பட்டார். ஏழைகள் வயிறு நிறைய இதைத்தான் சாப்பிட்டார்கள், நானும் வந்த புதிதில் இதில்தான் இருந்தேன் என்று மாமா சொன்னபோது, அம்மா எழுந்து உள்ளே போய் ஒரு நிமிஷம் கழித்து வந்தார்.

கடைசியாகத்தான் அவர் வழக்கமாகச் சாப்பிடும் கடை. அதன் பேர் 'பாணி கா மெவ்ஸா'. பாணி என்றதும் அம்மம்மா, "பாண்! எங்கட பாண்!" என்றார். விளையாட்டில்லை, உண்மை. 1560-ல் மன்னாரைப் பிடித்த போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல் பாண். அந்தச் சொல்லும் சிசிலிக்காரர் சொல்லும் ஒரே லத்தீன் தாய் பெற்றவை. இந்த ஒரு இடத்தில் என் குறிப்பு வேலை செய்தது!

மெவ்ஸா என்றால் மண்ணீரல். இங்கே கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்குவோமே, அதேதான், அங்கே கன்றுக்குட்டியுடையது. நுரையீரலோடு சேர்த்து அவித்து, மெல்லிசாக நறுக்கி, சாய்த்து வைத்த அகலப் பாத்திரத்தின் மேல் பக்கம் அடுக்கியிருந்தார் கடைக்காரப் பெரியவர். கீழ்ப்பக்கம் பன்றிக் கொழுப்பு கொதிக்கிறது. கேட்கக் கேட்க இழுத்துப் பொரித்து, எள் தூவிய உருண்டைப் பாணைப் பிளந்து உள்ளே அடைக்கிறார்.

அதில் இரண்டு வகை உண்டு. எலுமிச்சை மட்டும் பிழிந்தால் 'ஸ்கெத்து', கல்யாணம் ஆகாதது. சீஸ் சேர்த்தால் 'மரிதாத்து', கல்யாணம் ஆனது. மாமாவைக் கண்டதும் பெரியவர் கேட்காமலே எலுமிச்சையை எடுத்தார். இருபது வருஷமாக ஸ்கெத்துதான் என்று மாமா சொன்னார். நான் படித்தவன் புத்தியில் அதை அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லித் தொலைத்தேன்.

அம்மம்மா பேசாமல் இருந்தார். மாமாவுக்கு நாற்பத்தேழு வயது. அம்மாவின் கல்யாணம், கூரைக்கு ஷீட், அப்பா சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தபோது ஆஸ்பத்திரி, பிறகு என் டிராஃப்டர், கால்குலேட்டர் வரைக்கும் அவர் பணம். அவருக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது கணக்குப் போட்டால் அதில் என் பேரும் வரும். இதை நான் வீட்டில் சொன்னதில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

"தம்பி," என்றார் அம்மம்மா, போனுக்கு மிகக் கிட்டே போய். "இண்டைக்குக் கல்யாணம் முடிச்சதை வாங்கு."

மாமா சங்கடமாகச் சிரித்துவிட்டுப் பெரியவரிடம் "மரிதாத்து" என்றார். பெரியவர் பொரித்துக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டார். பிறகு பக்கத்துக் கடைகளைப் பார்த்து என்னவோ சத்தம் போட்டார். மீன்காரர் கை தட்டினார், ஒரு அம்மா ஓடிவந்து மாமாவின் கன்னத்தைக் கிள்ளினார். மாமா போனைக் காட்டி, அம்மா, அம்மா என்று அவர்கள் பாஷையில் விளக்க, அந்தப் பெரியவர் குனிந்து, பாய் மேல் உட்கார்ந்திருந்த எங்கள் அம்மம்மாவுக்கு ஒரு வணக்கம் வைத்தார். அம்மம்மாவும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டார்.

மாமா கடைசி வாய் விழுங்கும்வரை அம்மம்மா போனை யாரையும் தொடவிடவில்லை.

இரவு எனக்கு மாமாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "சீஸ் ஒத்துக்கொள்ளேல்லை. அடுத்த கிழமை ஸ்கெத்துதான். அம்மம்மாவுக்குச் சொல்லாதே."